தொலைவில் தாய்மொழிச் சபை, பக்கத்தில் வேற்றுமொழிச் சபை

வேலை நிமித்தம் புதிய நகரத்துக்கு வந்து ஒன்றரை ஆண்டாகிறது. முதல் எட்டு மாதம் என் தாய்மொழியில் ஆராதனை நடக்கும் சபைக்குப் போனேன். ஒரு வழிக்கே இரண்டு பஸ், ஒன்றேகால் மணி நேரம். பிறகு, வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் இருக்கும் சிறிய சபைக்கு மாறிவிட்டேன். அங்கே பேசும் மொழி எனக்குப் பாதிதான் புரியும். ஆகவே, புதிய ஊரில் எந்தச் சபைக்குப் போவது என்ற கேள்விக்கு இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; நான் பக்கத்துச் சபையின் கட்சி.

இடையில் ஒரு பெரிய சபைக்கும் நான்கு ஞாயிறு போனேன். பாடல் அருமை, பிரசங்கம் தெளிவு. நான்கு வாரமும் வாசலில் வேறு வேறு ஆட்கள் வரவேற்றார்கள்; நால்வருமே “முதல் தடவையா வருகிறீர்கள்?” என்று அன்போடு கேட்டார்கள். அங்குள்ள வீட்டுக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. சேராததால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். இணையவழி ஆராதனை, உடம்புக்கு முடியாத நாளுக்கு நல்லது. அவ்வளவுதான்.

தாய்மொழிச் சபையைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. முதல் ஞாயிறன்று பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாட முடிந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. மனம் நொந்த நாளில் ஜெபத்துக்கு வார்த்தை தேட வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமல்ல. மொழியால் ஒருவர் சபையில் ஓரமாகிப் போவதும் நடக்கக்கூடியதே. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போகிறார்கள். முறுமுறுப்பு எழுந்த பிறகுதான் அந்தப் பொறுப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். எருசலேமின் முதல் சபையிலேயே இந்தக் கதை என்றால், நான் பயந்ததில் தவறில்லை.

ஆனால் எட்டு மாதத்தில் வேறொன்று உறைத்தது. அந்தச் சபையில் எல்லாரும் என்னைப்போலவே நகரத்தின் மூலைமுடுக்கிலிருந்து வந்தவர்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் பஸ் நேரம் பார்த்துக் கலைவோம். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு திசையில் நடக்கும். நான் போய்ச் சேர்ந்தது மொத்தம் இரண்டே முறை. பாசத்துக்குக் குறைவில்லை. அந்தப் பாசத்துக்கு வாரத்தில் ஒரே நாள்தான் இருந்தது.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த வாரநாள்தான். புதிய ஏற்பாட்டில் வரும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியைப் பாருங்கள். ரோமப் பேரரசர் கிலவுதியுவின் கட்டளையால் ரோமாபுரியைவிட்டுக் கொரிந்துவுக்கு வந்தவர்கள். பிறகு எபேசு, பிறகு மீண்டும் ரோமாபுரி. ஊர் மாறுவதில் நம்மையெல்லாம் மிஞ்சியவர்கள். பவுல் அவர்களோடு ஒட்டிக்கொண்டது எப்படி? அவருக்கும் அவர்களுக்கும் தொழில் கூடாரம் பண்ணுவது என்பதால், அவர்கள் வீட்டில் தங்கி வேலை செய்தார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரம். ஜெப ஆலயப் பிரசங்கம் ஓய்வுநாளில். ஊசியும் நூலும் மற்ற நாட்களில். பிறகு எபேசுவிலும் ரோமாபுரியிலும் அந்தத் தம்பதியின் வீட்டிலேயே சபை கூடியதில் எனக்கு வியப்பில்லை.

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் ஜெபக்கூடக் கடனை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர்; அவர் வாரந்தோறும் வீடு வீடாகப் போய் ஒரு பென்னி வாங்கி வர வேண்டும். காசுக்காகக் கதவைத் தட்டியவருக்கு, யார் நோயில் கிடக்கிறார், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் தெரியவந்தது. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்கள் வளர்ந்த விதம் இது. வாரம் ஒருமுறை தட்டுவதற்குக் கதவு கிட்டத்தில் இருக்க வேண்டுமே!

பக்கத்துச் சபையில் எனக்கு முதலில் கிடைத்தது நாற்காலி அடுக்கும் வேலை. அதற்கு இலக்கணம் தேவையில்லை. புதன்கிழமை வேதபாடம் முடிந்து நாலைந்து பேர் ஒரே தெருவில் நடந்து திரும்புவோம். மொழி கற்றதும் மனிதர்களை அறிந்ததும் அந்த நடையில்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கப் பகுதி எதுவென்று சனிக்கிழமையே போதகரிடம் கேட்டு, என் வேதாகமத்தில் வாசித்துவிட்டுப் போவேன். பாதி புரிந்தது முக்கால் ஆனது. ஜெபிக்கச் சொன்னால் என் மொழியிலேயே ஜெபிக்கிறேன். ஆமென் எல்லாருக்கும் பொது.

இழப்பும் உண்டு. நகைச்சுவைக்கு எல்லாரும் சிரித்த பிறகு சிரிக்கிறேன். சபை நிர்வாகக் கூட்டத்தில் யார் யாரோடு மனத்தாங்கல் என்பது எனக்கு விளங்குவதே இல்லை. அது ஒருவேளை வரமாகவும் இருக்கலாம். எனக்குப் பள்ளி வயதுப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் தாய்மொழியில் ஜெபிக்கக் கற்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். பெரிய துக்கம் எதையும் இந்தச் சபையில் நான் இன்னும் கடக்கவில்லை; அப்போதும் இப்படியே பேசுவேன் என்று உறுதிகூற முடியாது. பண்டிகை நாளில் இன்றும் இரண்டு பஸ் ஏறிப் பழைய இடத்துக்குப் போய்விடுகிறேன்.

எந்தச் சபைக்குப் போனாலும், பழைய சபையிலிருந்து புறப்படும்முன் ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தில், கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரியான பெபேயாளைப் பவுல் அப்படித்தான் அறிமுகம் செய்கிறார். நான் வாங்காமல் வந்து, அங்கத்தினராகப் பதிவு பெற ஐந்து மாதம் காத்திருந்தேன்.

சென்ற மாதம் ஒரு படிவம் நிரப்பினேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், உள்ளூரில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டம். இங்கு வந்த புதிதில் இதே கட்டத்தைப் பார்த்துப் பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இம்முறை, என்னோடு நாற்காலி அடுக்கும் மூத்த அம்மாவின் பெயர் உடனே வந்தது. அதை அவர்கள் மொழியில் எப்படி எழுதுவது என்பதை மட்டும், இரண்டு தெரு நடந்துபோய் அவரிடமே கேட்டுவந்தேன்.