மூன்று வருஷம் ஓட்டிய கிரிட் சிமுலேட்டர்: விலை குறைந்துவிட்டது, வாங்கலாமா?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஆண்டெனா வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, லைசென்ஸ் விலை இறங்கியிருக்கே, எடுக்கலாமா?" அவனுக்கு எழுதிய பதில்தான் இது. அடுக்கடுக்கான உலோக வலைகள் எந்த ரேடியோ அலைகளைக் கடக்க விடும் என்று கணக்கிடும் மென்பொருள். பெயர் வேண்டாம், கேட்டவனுக்குத் தெரியும்.

வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு யூனிட் செல் (வலையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கட்டம்) வரைந்தால் போதும், வலை முடிவில்லாமல் நீள்வதாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அடுக்கையும் தனியாக ஒரே முறை கணக்கிட்டு, விடையை ஒரு மேட்ரிக்ஸாக (எண் அட்டவணையாக) வைத்துக்கொண்டு, பிறகு அந்த மேட்ரிக்ஸ்களை இணைத்துவிடும். அடுக்குகளின் இடைவெளியை நாற்பது விதமாக மாற்றிப் பார்த்தாலும் சில நொடிதான். எல்லா அடுக்கையும் ஒன்றாக வைத்து ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்கிடும் முழு அலை சால்வரில் இதற்கு ஒரு ராத்திரி போகும். அந்த முதல் மாதம் எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அடுக்குகளை இணைக்கும்போது இது தானாக எடுத்துக்கொள்வது ஒரே ஒரு ஃபுளோகே மோட், அதாவது வலையிலிருந்து கிளம்பும் பல அலை வடிவங்களில் பரவிப் போகும் ஒன்றை மட்டும்! இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உலோகப் பட்டைகளின் ஓரத்தில் பரவாத புலங்களும் எழும். போகப் போகத் தேய்ந்துவிடும். 10 கிகாஹெர்ட்ஸில் 10 மில்லிமீட்டர் பீரியட் (கட்டத்துக்குக் கட்டம் உள்ள தூரம்) கொண்ட வலைகள், நடுவில் 5 மில்லிமீட்டர் காற்று என்றால், அடுத்த வலைக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. விட்டுவிடலாம். அதே வலைகளை 1.6 மில்லிமீட்டர் எஃப்ஆர்-4 (கண்ணாடி இழை சர்க்யூட்) பலகையின் இரு பக்கமும் வைத்தால் பாதி போய்ச் சேரும். பாதி! அதைக் கணக்கில் எடுக்காமல் வரும் கிராஃப், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு எச்சரிக்கை வரி கிடையாது.

போன மாதம் என் பலகை அளவீட்டுக்குப் போனபோது பாஸ்பேண்ட் (வலை கடக்க விடும் அலைவரிசை) அரை கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்திருந்தது. பலகைக்குக் கொடுத்த ரிங்கிட்டும் மூன்று வாரமும் போயிற்று. கையேட்டில் இந்த விஷயம் இருக்கிறது, ஒரு பிற்சேர்க்கையில்; அதைப் படிக்காமல் விட்டது என் தவறுதான். 50 மோட் கொடுத்தவுடன் கணக்கு அளவீட்டோடு நெருங்கி வந்தது, அப்போதும் ஒரு நிமிஷத்துக்குள். இவ்வளவு திறமையாக எழுதியவர்கள் மோட் எண்ணிக்கையை மூன்றாவது மெனுவுக்குள் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

தம்பி, இப்போதைக்கு வாங்காதே. என் லைசென்ஸை ஜூனில் நான் புதுப்பிப்பேன், அது வேறு. உன் அடுக்குகளுக்கு நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் சொல்லு.