தேடுபொறி சாய்கிறதா, நாம் கேட்டது புரியவில்லையா?

தேடினால் வேண்டாததுதான் முதலில் வந்து நிற்கிறது என்ற குறையை வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள பிரவுசிங் சென்டர்களில் அடிக்கடி கேட்கலாம். காரணம் கேட்டால் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். தேடுபொறி காசு கொடுப்பவர் பக்கம் சாய்கிறது என்பது ஒன்று. நாம் கேட்டது அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. அதனால்தான் வேறு தேடுபொறிக்கு மாறாமல், கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன்.

முதல் கட்சிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கூகுளைத் தொடங்கிய பிரின்னும் பேஜும் 1998-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே, விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று சொல்லிவிட்டார்கள். கூகுள் தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே தூக்கி வைத்ததற்காக, 2017-ல் ஐரோப்பிய ஆணையம் அதற்கு 242 கோடி யூரோ அபராதம் போட்டது. அடுத்த வருடம் இந்தியப் போட்டி ஆணையமும் தேடலில் பாரபட்சம் காட்டியதாக 135.86 கோடி ரூபாய் விதித்தது. சரி, சாய்வு உண்டு.

ஆனால் நம் ஊர் ஆள் தமிழில் தேடும்போது நடப்பது பெரும்பாலும் வேறு. 'வேலூர் வாழைத்தார் ஏலம்' என்று போட்டால் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் வருகிறது. நம் ஊர் ஆற்காடு ரோட்டை நினைத்து 'ஆற்காடு ரோடு' என்றால் சென்னையில் கோடம்பாக்கம், வடபழனி பக்கம் போகிற சாலை. இதற்கு யார் காசு கொடுத்திருப்பார்கள்? வாழை ஏலத்துக்குப் பேர்போனது அந்த வேலூர், அதைப் பற்றி எழுதியவர்களும் அதிகம், இயந்திரம் அதை எடுத்து நீட்டுகிறது. மாவட்டக் கதை இன்னும் குழப்பம்: வட ஆற்காடு 1989-ல் இரண்டாகி, அதிலிருந்து வந்த வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகி, இப்போது ஆற்காடு ராணிப்பேட்டையிலும் ஆம்பூர் திருப்பத்தூரிலும் இருக்கின்றன. பழைய பக்கங்களில் இரண்டும் இன்னும் வேலூர் மாவட்டம்தான், அதனால் சான்றிதழ் வேலைக்குத் தேடுகிறவர் தப்பான கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் போய் நிற்கிறார்.

எல்லாவற்றையும்விட வேற்றுமை உருபு படுத்தும் பாடு பெரிது. 'வேலூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்' என்பதில் திசையைச் சொல்வதே அந்த ஒட்டுகள்தான், அவற்றை உதறிவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் திருப்பதியில் கிளம்பும் பஸ் நேரம்கூட வந்து நிற்கலாம். ஆங்கிலத்திலேயே இது நடந்திருக்கிறது. பிரேசில்காரர் அமெரிக்கா போக விசா வேண்டுமா என்ற கேள்விக்கு, பிரேசில் போகும் அமெரிக்கர்களுக்கான பக்கம் வந்ததை கூகுளே 2019-ல் எடுத்துக்காட்டியது, இந்த மாதிரித் தவறுகளைத் திருத்தத்தான் சொல்லை அதன் சூழலோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் பெர்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. அத்தனை எழுத்து குவிந்து கிடக்கும் மொழிக்கே அந்தக் கதி என்றால் தமிழுக்குக் கேட்கவா வேண்டும்?

என்னை இந்தப் பக்கம் இழுத்தது ஒரே ஒரு சோதனை. கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். புரியாததுதான் கோளாறு என்றால் சொல்லை மாற்றியதும் பதில் மாறும், தவறும் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று சிதறும். சாய்வு என்றால் எப்படிக் கேட்டாலும் அதே ஆட்கள் மேலே நிற்பார்கள், லாபமும் ஒரே பக்கம் போகும். 'ஆற்காடு ரோடு' என்பதோடு வேலூரையும் சேர்த்தால் சென்னை ஒதுங்கிவிடுகிறது.

இந்தச் சோதனையில் தேறாதது லாட்ஜ் தேடல். சிகிச்சைக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர் சமைக்க வசதியுள்ள மலிவான அறை கேட்கிறார், எப்படி மாற்றிப் போட்டாலும் மேலே விளம்பரம், அதற்குக் கீழே புக்கிங் தளங்கள். அதிலும் பாதிதான் சாய்வு என்பேன், சின்ன லாட்ஜுகள் பலவற்றுக்கு இணையப் பக்கமே கிடையாது, இல்லாததை எது காட்டும்? அரசியல் செய்திகளைத் தேடிப் பழக்கம் எனக்குக் குறைவு, அங்கே இந்தச் சோதனை செல்லும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அறை தேடுகிறவர்களிடம் மட்டும், போனை மூடிவிட்டு பாபு ராவ் தெருவில் நேரில் விசாரியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.