பழைய படங்களும் என் 55 அங்குல டி.வி.யும்

நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் 55 அங்குல 4கே டி.வி.யின் விலை பண்டிகைத் தள்ளுபடியில் நன்றாக இறங்கியிருக்கிறது என்றும், வாங்கலாமா என்றும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. அண்மையில் பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு) போய், சர்வீஸ் ஆள் வந்து அதை மாற்றினார். கையோடு மென்பொருளையும் புதுப்பித்துவிட்டுப் போனார். பழுது நீங்கிவிட்டது. ஆனால் நான் பொறுமையாகச் செய்து வைத்திருந்த செட்டிங்குகள் அத்தனையும் அழிந்து, கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிட்டது பெட்டி. ஆகவே இந்த அனுபவக் குறிப்பில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும்.

வீட்டில் மற்றவர்கள் இதில் கிரிக்கெட்டும் செய்தியும் பார்க்கிறார்கள்; அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. நான் பார்ப்பது பெரும்பாலும் முன்பே பார்த்த படங்களையும், இத்தனை காலம் பார்க்காமல் விட்டுவிட்ட பழைய படங்களையும்தான். என் சண்டையெல்லாம் மோஷன் ஸ்மூத்திங் என்னும் ஒரே வசதியோடுதான். அதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, வேலை ஒன்றுதான். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனித்தனிப் படங்களாக எடுக்கப்படுகிறது. இந்த டி.வி.யின் பேனல் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. 24 அறுபதுக்குள் சரியாக அடங்காததால், ஒரு சட்டகத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையுமாக மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் இதனால் ஒரு சிறு நடுக்கம் தெரியும். அதைப் போக்குவதற்காக, இரண்டு சட்டகங்களுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பெட்டியே கணக்குப் போட்டு, யாரும் எடுக்காத படங்களை உருவாக்கி இடையில் செருகுகிறது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. விளைவைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது: நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஃபிலிமில் எடுத்த படம், நேற்று மதியம் வீடியோவில் எடுத்த மெகாத்தொடர் போல வழவழவென்று ஓடுகிறது.

1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தைப் பழுது முடிந்த அன்றிரவே போட்டுப் பார்த்தேன். 2012இல் டிஜிட்டலாகப் புதுப்பித்துத் திரையரங்குகளில் மறுபடி வெளியிட்டபோது பார்த்து மயங்கிய படம் அது. குருக்ஷேத்திரத்திலேயே எடுக்கப்பட்ட அந்தப் போர்க்காட்சிகளில் தேர் வேகமெடுக்கும்போது சக்கரத்தின் ஆரங்களைக் கவனியுங்கள். ஃபிலிமில் அவை பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தோன்றுவது இயல்பான கண்மயக்கம்தான். இந்தப் பெட்டிக்கோ ஆரம் எந்தத் திசையில் போகிறது என்பது பிடிபடவில்லை. ஆகவே இரண்டு ஆரங்களுக்கு நடுவே பாதி கரைந்த மூன்றாவது ஒன்றை வரைகிறது, அடுத்த கணமே அதை அழிக்கிறது. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி அலையலையாக ஏதோ நெளிகிறது. கர்ணனின் தேர்ச்சக்கரம் சேற்றில் புதைந்து அசையாமல் நின்ற பிறகுதான் எனக்கு நிம்மதியே வந்தது.

இது எனக்கு மட்டும் உள்ள கிறுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியுடன் சேர்ந்து, இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டு ஒரு வீடியோவே வெளியிட்டார். மறு ஆண்டில், படத்தை எடுத்தபடியே காட்டுவதற்கென ஃபிலிம்மேக்கர் மோட் என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. என் டி.வி.யிலும் அது இருக்கிறது. இருந்தும் என்ன பயன்? ஓ.டி.டி. செயலிக்கு ஒரு முறை, செட்டாப் பாக்ஸுக்கு ஒரு முறை, பென்டிரைவுக்கு ஒரு முறை என்று தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும்; மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் இதை விளக்கிக் கேட்டபோது, “இப்பதான் சார் படம் நல்லா ஸ்மூத்தா இருக்கு” என்றார் சர்வீஸ் ஆள். அவர் கண்ணுக்கு அது உண்மையாகவே நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

இரைச்சல் நீக்கி (நாய்ஸ் ரிடக்ஷன்) என்று இன்னொன்று இருக்கிறது; இங்கே இரைச்சல் என்பது ஒலியல்ல, படத்தில் தெரியும் புள்ளிகள். அது ஃபிலிமின் துகள்களை அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடுவதால், முகங்கள் மெழுகு பூசியதுபோல ஆகிவிடுகின்றன. அதை ஒருமுறை அணைத்தால் போதும், எங்கும் அணைந்துவிடுகிறது, ஆகவே மன்னித்துவிடலாம்.

சேனல்கள் செய்யும் பாவத்தை டி.வி.யின் தலையில் சுமத்தவும் கூடாது. பழைய படங்களின் சட்டகம் ஏறத்தாழச் சதுரமானது. அகலத் திரையை நிரப்புவதற்காக அதை மேலும் கீழும் வெட்டும்போது உயரத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. நெற்றி இல்லாத கதாநாயகர்களை அப்படித்தான் பார்க்க நேர்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜ ராஜ சோழன்’ (1973) போன்றவற்றின் சட்டகம் டி.வி. திரையைவிடவும் அகலமானது என்பதால், அவற்றுக்கு வெட்டு பக்கவாட்டில் விழுகிறது. அங்கும் இழப்பு ஏறக்குறைய அதே அளவுதான். முழுச் சட்டகமும் உள்ள பிரதி கிடைத்தால், இந்தப் பெட்டி ஓரங்களில் கறுப்புப் பட்டை விட்டு ஒழுங்காகவே காட்டுகிறது.

அந்தக் கறுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை நான் இன்னும் விற்காமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். இதிலுள்ளது வி.ஏ. எனப்படும் எல்.சி.டி. வகை பேனல். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். நேரெதிரே உட்கார்ந்தால் இருட்டு இருட்டாகவே இருக்கும். பாட்டே இல்லாத படம் என்று கேள்விப்பட்டு மட்டுமே இருந்த ‘அந்த நாள்’ (1954) படத்தை முதன்முதலாக இதில்தான் பார்த்தேன். சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டில் நடக்கும் கொலைக் கதை, எஸ். பாலசந்தர் இயக்க, மாருதி ராவ் ஒளிப்பதிவு செய்தார். சிவாஜி கணேசனின் முகத்தில் பாதி வெளிச்சத்திலும் பாதி நிழலிலும் இருக்கும்போது, நிழலுக்குள் இருக்கும் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதுகூடத் தெரிந்தது. முடிந்தவுடன், கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டே ஒவ்வொருவர் வாக்குமூலத்தையும் கவனிப்பதற்காக மறுபடி தொடக்கத்திலிருந்து பார்த்தேன். ஒன்று மட்டும் செய்ய வேண்டும்: நிறத்தை ‘வார்ம்’ நிலையில் வைக்க வேண்டும். கடையில் காட்டும் ‘விவிட்’ நிலையில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நீலம் போட்டதுபோல் ஆகிவிடும்.

இந்த விலைக்கு இப்படியொரு இருட்டை வேறு எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். பேக்லைட் போவதற்கு முன்பு கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். அதையும் மீறி அவர் வாங்குவதாக இருந்தால், ஒரு பென்டிரைவில் ‘கர்ணன்’ தேர்க்காட்சியை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகட்டும். அந்த ஸ்மூத்திங்கை அணைக்கும் இடம் எங்கே இருக்கிறது என்று விற்பனையாளரையே தேடிக் காட்டச் சொல்லட்டும்.