தைப்பிங் சிறை: மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பது

விடுமுறைக்கு மலேசியாவுக்குத் திரும்பும்போது பிள்ளைகளுக்குப் பேராக் மாநிலத்தின் தைப்பிங் ஊரில் உள்ள சிறையைக் காட்ட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். 1879இல் எழுந்த அந்தச் சிறையில் இன்றும் கைதிகள் இருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போக வழியில்லை. சிறை பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் வாசலையோ காவல் கோபுரத்தையோ நோக்கிக் கைப்பேசியைத் தூக்காதீர்கள்.

பலர் குழப்பிக்கொள்வது இன்னொன்று. 2007 டிசம்பரில் இந்து உரிமைப் போராட்ட அமைப்பான இண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவரை அடைத்தது இங்கே அல்ல, பக்கத்தில் உள்ள கமுந்திங் தடுப்பு முகாமில். கிராப் வாடகைக் கார் செயலியில் 'பெஞ்சாரா' (மலாயில் சிறை) என்று மட்டும் தட்டாமல் 'மியூசியம் பேராக்' (பேராக் அருங்காட்சியகம்) என்று போடுங்கள். ஜாலான் தாமிங் சாரி என்ற சாலையில் சிறைக்கு நேர் எதிரே இறங்கலாம்.

அந்த அருங்காட்சியகம் 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்தது. மதிலைப் பார்க்க வசதியான இடமும் அதன் முன்புறம்தான். பிள்ளைகள் “இந்தச் சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஜெயில்?” என்று கேட்டால் பதில் ஈயம். சுரங்கத்துக்காகவும் அதற்குப் பாயும் தண்ணீருக்காகவும் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீன ரகசியக் கூட்டத்தார் வெட்டிக்கொண்டார்கள். 1874 பங்கோர் ஒப்பந்தத்தோடு வெள்ளைக்காரன் உள்ளே வந்தான். ஈயத்தைத் துறைமுகத்துக்கு இழுக்க போர்ட் வெல்டு வரை நாட்டின் முதல் ரயில்பாதை 1885இல்தான் ஓடியது. தண்டவாளம் போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற தொழிலாளர் படை வந்தது. ரயிலுக்கு ஆறு வருடம் முன்பே சிறை தயார். எது அவசரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து இ.டி.எஸ். மின்சார ரயிலில் மூன்று, மூன்றரை மணி நேரம். தீபாவளி, பள்ளி விடுமுறை வாரங்களில் இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும்போதே ரயில் நிறுவனமான கே.டி.எம். செயலியில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். விரைவுப் பேருந்தில் வந்தால் கமுந்திங்கில்தான் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஊருக்குள் வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். வயதானவர்களோடு வருபவர்களுக்கு ரயிலே மேல்.

காலையிலேயே பார்த்து முடியுங்கள். மதியத்துக்கு மேல் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டிய ஊர் இது. மழை இல்லையென்றால் ஏரிப் பூங்காவுக்குப் போகலாம். அந்த ஏரியும் பழைய ஈயக் குழிதான். கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீர் வரை கிளை நீட்டியிருக்கும்.