பழைய மாருதி: ஸ்விஃப்டா, ரிட்ஸா, வேகன் ஆரா?

பழைய கார் சந்தையில் ஸ்விஃப்டின் பெயருக்கும் சேர்த்தே விலை சொல்வார்கள். அதே 1197 சிசி கே12 பெட்ரோல் இன்ஜின்தான் 2009-இல் வந்த ரிட்ஸிலும். பின்பக்கத் தோற்றம் பலருக்குப் பிடிக்காததால் ரிட்ஸ் விலை படியும். சீட் உயரம், முட்டி வலி உள்ளவர்களும் சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம். 4 பேர் போகும் குடும்பத்துக்கு என் ஓட்டு பெட்ரோல் ரிட்ஸுக்கே. ஒரே குறை, உற்பத்தி நின்று வருடங்கள் ஆகிவிட்டன. இன்ஜின் சாமான் எங்கும் கிடைக்கும். டெயில் லேம்ப், பம்பர் போன்றவற்றின் விலையை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

ஸ்விஃப்டுதான் வேண்டுமென்றால் வருடத்தைப் பாருங்கள். 2005-இல் வந்த 1.3 பெட்ரோல், இன்ஜின் வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் உள்ள வண்டி. பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இரண்டின் செலவையும் விலையில் கழியுங்கள். 2010-இல் மாறிய கே12-க்குச் செயின். அந்தத் தொல்லை இல்லை.

ஸ்விஃப்ட், ரிட்ஸ் இரண்டிலும் வந்த 1248 சிசி டீசலில்தான் கவனம் அதிகம் வேண்டும். 75 குதிரைத் திறன். 2000 ஆர்பிஎம் தாண்டியபின் இழுவை அருமை, அதற்குக் கீழே மந்தம். டவுனில் ஓடிய வண்டி என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும். மூன்றாம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் டைமிங் செயின் தளர்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சலசலக்கும். ஆகவே இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். வேகத்தடையில் முன்பக்கம் 'டக் டக்' என்றால் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ்ஷோ ஸ்ட்ரட் மவுண்டோ போயிருக்கும். வருடம் 15,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுபவருக்கு டீசல் வீண்.

வேகன் ஆரில் 2010-க்குப் பிந்தைய கே10 போதும். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் கொஞ்சம் அதிர்வு சகஜம். ஸ்டியரிங்கே நடுங்கினால் இன்ஜின் மவுண்ட் மாற்ற வேண்டியிருக்கும்.

எதுவானாலும் டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் துரு, புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். பானெட் போல்ட்டில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பதிவாகி 15 வருடம் ஆனதும் எஃப்சி பார்த்து ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் 5 வருடத்துக்குத்தான். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் (வண்டி மேல் வங்கிக் கடன்) இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் அந்தப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.