மனக்காயம் பட்ட குழந்தையை முதலில் எங்கே காட்டுவது: தனியார் ஆலோசனை மையமா, அரசு மருத்துவமனையா?

சென்ற ஆண்டு ஆனி மாதம் என் தங்கையின் கணவர் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர்களுடைய மகளுக்கு அப்போது எட்டு வயது. காரியம் முடியும்வரை அவள் பெரிதாக அழவில்லை. மூன்று மாதம் சென்ற பிறகு, நான்கு வயதிலேயே நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் வழக்கம் திரும்பி வந்தது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றாள். வகுப்பில் கவனமே இல்லை என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். எங்கள் ஊரில் ஒரு தனியார் மனநல ஆலோசனை மையமும், மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருந்தன. முதலில் மையத்துக்கும், ஆறு வாரம் கழித்து மருத்துவமனைக்கும் போனோம். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பதே இப்போது என் எண்ணம்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மையத்தில் முக்கால் மணி நேரத்துக்கு 800 ரூபாய். மருத்துவமனையில் கட்டணம் இல்லை, ஆனால் தங்கைக்கு ஒரு நாள் கூலி போய்விடும். மையத்தில் அமைதியான அறை, பொம்மைகள், வாராவாரம் அதே முகம் என்று குழந்தைக்குப் பிடித்துப்போகும் எல்லாமே இருந்தன. அந்த ஆலோசகர் அன்பானவர், குழந்தையைப் படம் வரையவைத்துப் பேச்சுக் கொடுத்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆலோசகர் என்று பலகை மாட்டியிருக்கும் எல்லோருடைய படிப்பும் பயிற்சியும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானித்தது வேறொன்று: குழந்தையின் உடலையும் மனத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கிறார்களா என்பது. பெரியவர்கள் துக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். சிறு குழந்தைக்கு அது வயிற்றிலும் தூக்கத்திலும் பசியிலும்தான் வெளிப்படுகிறது. அதே சமயம் வயிற்றுவலிக்கும் படுக்கையை நனைப்பதற்கும் உடல்சார்ந்த காரணங்களும் உண்டு. நின்றுபோன பழக்கம் மீண்டும் வந்தால் சிறுநீர்த் தொற்றா, சர்க்கரை நோயா, மலச்சிக்கலா என்று பார்த்தாக வேண்டும். கவனக் குறைவுக்குப் பின்னால் இரத்தசோகையோ காது கேளாமையோ இருக்கக்கூடும். ஆறு வாரமும் "அப்பாவை நினைத்துத்தான்" என்றே நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு சிறுநீர்ப் பரிசோதனைகூட நடக்கவில்லை.

மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "பாப்பா தினமும் வெளிக்குப் போகிறாளா?" என்பதுதான். தங்கைக்குப் பதில் தெரியவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தபோது மலம் கட்டியிருந்தது தெரிந்தது. நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் இரவில் சிறுநீர் தானாகப் போய்விடும் என்று விளக்கினார். சிறுநீரில் தொற்றோ சர்க்கரையோ இல்லை. ஹீமோகுளோபின் மட்டும் 8.6 இருந்தது, அவள் வயதுக்கு 11.5க்குக் குறையக் கூடாது. துக்க வீட்டில் உலை ஒழுங்காக ஏறாத மாதங்கள் அவை. அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரும் குடிக்கவில்லை. ஆக, துக்கம் பொய்யில்லை. அது உடலுக்குள் இறங்கி அங்கேயும் ஒரு நோயை உண்டாக்கியிருந்தது. மலமிளக்கி மருந்தும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்து, அதே வளாகத்தில் இருந்த மனநலப் பிரிவுக்கும் சீட்டு எழுதித் தந்தார். அங்கே இருந்த உளவியலாளர் குழந்தையிடம் பேசுவதற்கு முன் தங்கையிடம், "நீங்கள் இரவில் தூங்குகிறீர்களா அம்மா?" என்று கேட்டார். அன்றுதான் அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். இரண்டு மாதத்தில் படுக்கை நனைவது வாரத்துக்கு ஒருமுறை என்றானது. அப்பா பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் மெல்லத் தொடங்கியது.

அரசு மருத்துவமனையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். காலை ஏழரைக்கே சீட்டு வாங்க நிற்க வேண்டும். மனநலப் பிரிவில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். மேற்படிப்பு மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அடுத்த முறை வேறு ஒருவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல நேரும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் வரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் குழந்தை மருத்துவர், உளவியலாளர், செவித்திறன் நிபுணர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருப்பதற்கு ஏற்பாடு உண்டு. எங்களுக்கு அங்கே போக வேண்டி வரவில்லை. தங்கை தூக்கமின்றித் தவித்த ஓர் இரவில் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசினாள். 2022 முதல் கட்டணமின்றி இயங்கும் இந்தச் சேவை அந்த இரவைக் கடக்க உதவியது. குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க அதனால் இயலாது.

எட்டு வயதுக் குழந்தை ஒருத்தியோடு எங்களுக்கு வாய்த்த அனுபவம் இது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் இதே வரிசை பொருந்தும் என்று துணிந்து சொல்ல மாட்டேன். சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னாலோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ எந்த ஒப்பீட்டுக்கும் காத்திராமல் அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். யாரேனும் குழந்தையிடம் தவறாக நடந்ததாகச் சந்தேகம் எழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்க வேண்டும்.

இப்போது மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கும், குழந்தை விரும்புவதால் மாதம் ஒருமுறை அந்த ஆலோசகரிடமும் போகிறோம். தங்கை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் படுக்கை நனைந்த நாள், வெளிக்குப் போன நாள், அப்பாவைப் பற்றிப் பேசிய நாள் எல்லாவற்றையும் குறித்துவைக்கிறாள். புதிதாக வருகிற மருத்துவர் முதலில் அதைத்தான் வாங்கிப் படிக்கிறார்.