சாவி கைக்கு வந்த பிறகும் கூட நின்றார்கள்: ஒரு வீட்டு உதவிச் சேவை பற்றி

கணவரின் அடி உதையிலிருந்து வெளியே வந்து, இரண்டு பிள்ளைகளோடு ஒரே வாடகை வீட்டில் 18 மாதம் இருந்துவிட்டேன். அதற்குத் துணை நின்ற சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரையும் முகவரியையும் வேண்டுமென்றே போடவில்லை, அங்கே இன்னமும் பெண்கள் போய் வருகிறார்கள், யாரோ ஒருவன் அந்த வாசலில் காத்து நிற்பதற்கு என் எழுத்து வழிகாட்டிவிடக் கூடாது. ஆனால் இதே வேலையைச் செய்கிற சேவைகள் பல இடங்களில் இருக்கின்றன. எதைப் பார்த்து நம்பலாம், எங்கே கோட்டை விடுவார்கள் என்பது போகிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

முதலில் நாங்கள் போனது ஒரு காப்பகத்துக்கு. அந்த இடம் எங்களைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமே இல்லை. 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்ஸி திறந்த வீடு மாதிரியான இடங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன, எத்தனையோ பெண்களுக்கு முதல் இரவைக் கொடுத்திருக்கின்றன. ஆனால் காப்பகத்தில் நாள் கணக்கு உண்டு. எங்களுக்கு 90 நாள். வளர்ந்த ஆண்பிள்ளைகளைச் சேர்க்காத இடங்களும் நிறைய, என் மூத்தவனுக்கு அந்த வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 60 நாள் தாண்டியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. என்னோடு இருந்த ஒரு பெண் 80ஆவது நாள் பையை எடுத்துக்கொண்டு கணவனிடமே திரும்பிப் போனாள். பாசத்தால் போகவில்லை, வேறு கூரை கிடைக்கவில்லை. "ஏன் திரும்பிப் போனாய்" என்று இவளைப் போன்றவர்களைக் கேட்பவர்கள், அவளுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

காப்பகத்தில் சொல்லித்தான் இந்தச் சேவைக்குப் பேசினேன். எனக்கு ஒதுக்கப்பட்ட அக்கா என்னை அலுவலகத்துக்கு அலைய விடவில்லை, எனக்கு வசதியான இடத்துக்கு அவரே வந்தார், முதல் சந்திப்பு ஒரு நூலகத்தில். என்ன நடந்தது என்று முழுக் கதையையும் கேட்கவில்லை. "எந்தப் பக்கம் போனால் உங்களுக்கு மூச்சு விட முடிகிறது, எந்தப் பக்கம் போனால் நெஞ்சு அடைக்கிறது?" என்று கேட்டு ஒரு வரைபடத்தை விரித்தார். என் கணவர் வேலைக்குப் போகும் வழி, அவருடைய நண்பர்கள் வீடு, அவருடைய அம்மா வீடு எல்லாவற்றையும் குறித்தோம். மிச்சம் இருந்த பகுதிகளில்தான் வீடு தேடினோம். வகுப்புக்கு வந்தால்தான் உதவி, விவாகரத்து வழக்கு போட்டால்தான் உதவி என்று ஒரு நிபந்தனையும் கிடையாது.

இந்த முறை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2009இல் தொடங்கியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் வீடு, மற்றதெல்லாம் அந்தப் பெண் விரும்பும் வேகத்தில் என்பதுதான் அதன் அடிப்படை. நிலையான வீடு இல்லாத 406 பேரை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களைவிட இந்த முறையில் உதவி பெற்றவர்களுக்கு வீடு நிலைத்ததாம். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வீடு தேடுவது நினைத்ததைவிடக் கொடுமை. பழைய வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். வங்கிக் கணக்கு இருவருக்கும் பொது, ஏடிஎம் அட்டை அவர் கையில். ஆறு வருடம் என்னை வேலைக்கு விடவில்லை என்பதால் சம்பளச் சீட்டு என்று காட்ட ஒன்றும் இல்லை. இதையெல்லாம் தாண்டி, என் பெயரில் அவர் வாங்கிய கடன் தவணை ஒன்று கட்டாமல் நின்றது எனக்கே அப்போதுதான் தெரியவந்தது. காகிதத்தில் பார்த்தால் நான் வாடகை கட்ட மாட்டாதவள். அக்கா வீட்டு உரிமையாளர்களிடம் பேசுவதற்கு முன்னால், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். "மூன்று மாத வாடகைக்கு எங்கள் அமைப்பு பொறுப்பு, ஏதாவது சிக்கல் வந்தால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்" என்பதுதான் அவர் சொன்னது, என் கதையை யாரிடமும் விற்கவில்லை. ஐந்தாவது வீடு அமைந்தது.

அட்வான்ஸும் முதல் மூன்று மாத வாடகையும் அவர்கள் கொடுத்தார்கள். அது பெரிய உதவிதான், ஆனால் அதைவிட என் மனதில் நிற்பது சின்னச் சின்னத் தொகைகள். வேலைக்குப் போக சைக்கிளுக்கு டயர். கதவுக்குப் புதுப் பூட்டு. நின்றுபோன அந்தக் கடனில் ஒரு பகுதி. இரண்டாவது மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் வேலைக்குப் போகாமல் சம்பளம் குறைந்தபோது அந்தக் குறைவு. எதற்கு என்று கேட்டார்கள், நம்பினார்கள், கொடுத்தார்கள். டயர் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வாடகை இல்லை. இந்தச் சங்கிலி புரிந்தவர்கள் கையில் பணம் இருந்தால் எவ்வளவு சின்னத் தொகையில் ஒரு வீடு நிற்கிறது என்று நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் நான்காவது மாதம். ஒரு இரவு கணவர் வந்து கதவைத் தட்டினார், கத்தினார், போலீஸ் வந்தது, அக்கம்பக்கத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். மறுநாள் காலை உரிமையாளர், "இந்த மாதத்தோடு காலி பண்ணிவிடும்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். நானோ மூட்டை கட்டத் தொடங்கிவிட்டேன். மாலையில் அக்கா வந்தார். நான் சம்மதித்த பிறகு உரிமையாளரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். வாசலுக்கு விளக்கு, கதவுக்குப் பார்வைத் துளை, கணவர் மறுபடி வந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி ஆளுக்கு ஒரு பிரதி. செலவு அவர்களுடையது. அந்த உரிமையாளர்தான் இன்றைக்கும் என் உரிமையாளர். ஒரு பெண்ணை அடிக்க ஒருவன் வந்தால் வீட்டை இழப்பவள் அவள் என்கிற நியாயம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அன்றைக்கு யாரும் வந்திருக்காவிட்டால் நான் மறுபடி காப்பக வாசலில்தான் நின்றிருப்பேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். லேசானவை இல்லை.

கணவர் எங்களைக் கண்டுபிடித்தது என் மகனின் டேப்லெட் வழியாக. பழைய குடும்பக் கணக்கிலேயே அது திறந்திருந்தது, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. என் போனை முதல் நாளே சோதித்தார்கள், கடவுச்சொல் எல்லாம் மாற்றினார்கள், ஆனால் பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆனால் இதைத் தினமும் செய்கிறவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்னொன்று, அதற்கு முன்பே ஒருவர் அமைப்பின் பெயரைச் சொல்லி என் பழைய எண்ணில் குரல் செய்தி விட்டார். அந்த போன் என்னிடம் இருந்தது அதிர்ஷ்டம்.

எட்டாவது மாதம் அக்கா வேறு பணிக்குப் போனார். புதிதாக வந்தவரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். அப்போது என் கை நடுங்கியது. முன்னால் எழுதிவைத்த குறிப்புகளை என் அனுமதியோடு படித்திருந்தால் போதும்.

என் பெரிய வருத்தம் வேறு. நான் பழைய வீட்டை விட்டு வந்தேதான் ஆக வேண்டும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அடித்தவரை வீட்டை விட்டு வெளியேற்றவும் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. ஆஸ்திரியாவில் 1997 முதலே போலீஸ் அவரை வெளியே அனுப்பலாம். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. அதன் 19ஆவது பிரிவின்படி அவரை வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். என் விஷயத்தில் அவர் குணத்துக்கு நான் வெளியே வந்ததே சரி. ஆனால் அங்கே நான் பார்த்த இன்னொரு பெண்ணுக்குப் பள்ளி, வேலை, வயதான அம்மா எல்லாம் அந்தத் தெருவிலேயே இருந்தன. பூட்டை மாற்றி அங்கேயே இருக்க முடியுமா என்று அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

ஆறு மாதத்தோடு முடிகிற உதவியை எனக்கு ஒரு வருடமாக நீட்டித்தார்கள், ஆனால் நான் கேட்ட பிறகுதான். கேட்கக் கூச்சப்பட்ட பெண்கள் ஆறு மாதத்தோடு போய்விட்டார்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த நான்கும் மனதாரத்தான். நீங்கள் இதுபோன்ற சேவைக்குப் போகிறீர்கள் என்றால், வீடு கிடைத்த பிறகு எத்தனை மாதம் கூட இருப்பீர்கள், உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் யார் வருவார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறுகிற இடத்தில் வேறு வழியையும் பார்த்து வையுங்கள். பிள்ளைகளின் கருவிகளை நீங்களே எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம், முதல் தடவை பேசும்போதே எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், என்ன பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிடலாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.